சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வால்பாறைப் பக்கம் போய் வந்த நண்பர்கள், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் உறவினர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனப் பலரும் இந்தக் குரங்கைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது, பொறுமையாகப் படியுங்கள்.

பெயர் ஏன் சிங்கவால்? பிடரி இருப்பதாலா?

பிடரியால் இல்லை, வாலால்தான். முகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் அடர்ந்து நிற்கும் மயிரைப் பார்த்தால் யாருக்கும் சிங்கம் ஞாபகம் வரும், ஆனால் பெயர் வந்தது வால் நுனியில் இருக்கிற சின்னக் குஞ்சத்தால். ஆண் குரங்குக்கு அந்தக் குஞ்சம் இன்னும் நன்றாகத் தெரியும். மற்றபடி உடம்பு முழுக்க மினுமினுக்கும் கறுப்பு, முகமும் கறுப்பு. தலையும் உடம்பும் சேர்ந்து 40 முதல் 60 சென்டிமீட்டர், வால் ஒரு 25 சென்டிமீட்டர். நன்றாக வளர்ந்த ஆண் 10 கிலோ வரை வரும், பெண் அதில் பாதிதான். பிறந்த குட்டிக்கு முகம் வெளுப்பாக இருக்கும், வெள்ளிப் பிடரியும் இருக்காது, அது வர இரண்டு மாதம் ஆகும்.

கோயில் மண்டபத்தில் தேங்காய் பிடுங்குகிற நாட்டுக்குரங்கும் இதுவும் மக்காக்கு என்கிற ஒரே குடும்பம், பங்காளிகள். ஆனால் குணம் ரொம்ப வேறு. நாட்டுக்குரங்கு எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும். இது அப்படியில்லை, மழைக்காடு இல்லாவிட்டால் இதற்குப் பிழைப்பே கஷ்டம்.

சோலைமந்தி, கருமந்தி, கருங்குரங்கு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தால் உயிர்களே போயிருக்கின்றன, அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சோலைமந்தி என்பது சிங்கவால் குரங்கு. கருமந்தி அல்லது கருங்குரங்கு என்று மலையில் சொல்வது நீலகிரி லங்கூரை. அதுவும் கறுப்பு, அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருப்பது, பல இடங்களில் இரண்டும் ஒரே மரத்தில்கூட உட்கார்ந்திருக்கும். ஆனால் கருமந்திக்கு உடம்பைவிட நீளமான வால், தலையில் பழுப்புப் பொன்னிற மயிர், முகத்தைச் சுற்றி அந்த வெள்ளி வட்டம் கிடையாது. அது முக்கியமாக இலை தின்னும், இது முக்கியமாகப் பழம் தின்னும். காலையில் மலையே அதிர 'ஹூ ஹூ' என்று கத்துவது பெரும்பாலும் கருமந்தி. சோலைமந்திக் கூட்டம் இலைகளுக்குள் மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டே நகரும், பக்கத்தில் போகும்வரை தெரியாது.

கருங்குரங்கு லேகியம் என்று ஒன்றை ஆஸ்துமாவுக்கும் உடம்பு தேறவும் நல்லது என்று காலங்காலமாக விற்றார்கள். அதற்காகக் கருமந்தியைச் சுடப் போனவர்கள் கறுப்பாகத் தெரிந்ததையெல்லாம் சுட்டார்கள், சோலைமந்தியும் சேர்ந்து செத்தது. அந்த லேகியம் எந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. சோலைமந்தி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதேதான் இதற்கும். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

மந்தி என்றால் பெண் குரங்கு இல்லையா?

ஆமாம். சங்கப் பாடல்களில் பெண் குரங்கு மந்தி, ஆண் குரங்கு கடுவன். பிற்பாடு பேச்சில் மந்தி பொதுப்பெயராகிவிட்டது. 'சோலை' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு: தாவரவியல் படித்தவர்கள் சோலைக்காடு என்றால் உச்சி மலையில் புல்வெளிக்கு நடுவே இருக்கும் குட்டைக் காட்டைச் சொல்வார்கள், இந்தக் குரங்கோ அதற்குக் கீழே உயர உயரமான மரங்கள் நிற்கும் நடுமலைக் காட்டில் வாழ்வது. மலையில் இருக்கிறவர்கள் இருண்டு ஈரமாக இருக்கும் எந்தக் காட்டையும் சோலை என்பார்கள், அந்தக் கணக்கில் பெயர் பொருத்தம்தான்.

எங்கெல்லாம் இருக்கிறது?

உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான், அதிலும் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலங்களில் மட்டும். வடக்கே கர்நாடகத்தில் சிர்சி, ஹொன்னாவர் காடுகளில் தொடங்கித் தெற்கே நம் களக்காடு, முண்டந்துறை, அகத்தியமலை வரை. தமிழ்நாட்டில் ஆனைமலையும் மேகமலையும் களக்காடும் முக்கியம். கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு (சைலண்ட் வேலி), நெல்லியாம்பதி, பெரியாறு. நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையை வெட்டிக்கொண்டு கிடக்கிறது. இந்தக் குரங்கு அந்தச் சமவெளியைத் தாண்டுவதில்லை. வெகுகாலமாகவே அப்படித்தான், அதனால் கணவாய்க்கு வடக்கே இருப்பவைக்கும் தெற்கே இருப்பவைக்கும் மரபணுவிலேயே வித்தியாசம் வந்துவிட்டது.

ஏன் தரைக்கு இறங்குவதில்லை?

இறங்கத் தெரியாமல் இல்லை, இறங்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. நல்ல மழைக்காட்டில் ஒரு மரத்தின் உச்சிக்கிளை அடுத்த மரத்தின் உச்சிக்கிளையைத் தொட்டுக்கொண்டே மைல் கணக்கில் போகும், 30 மீட்டருக்கு மேலே ஒரு கூரை மாதிரி. சாப்பாடு அங்கே, தூக்கம் அங்கே, குட்டி வளர்ப்பது அங்கே. தண்ணீருக்குக்கூடப் பெரும்பாலும் இலையிலும் மரப்பொந்திலும் தேங்கியதே போதும். கீழே இறங்கினால் சிறுத்தை இருக்கும், செந்நாய் இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள். இந்தக் குரங்கின் எல்லாப் பிரச்சினையும் அந்தக் கூரையில் விழுந்த ஓட்டைகள்தான். நமக்கு ஒரு தார்ச்சாலை என்பது பத்து அடி எடுத்து வைத்தால் தாண்டிவிடுகிற இடம், அதற்கு அது கிளையே இல்லாத ஒரு பள்ளம்.

என்ன சாப்பிடும்?

பழம், பூ, விதை, தேன், பூச்சி, சில சமயம் மரத்தவளை, ஓணான், பறவை முட்டை. பிடித்த மரம் என்று கேட்டால் வெடிப்பலா. கிளையிலேயே கொத்துக் கொத்தாய் முள் உருண்டை மாதிரிக் காய் காய்க்குமே, டுரியானுக்குச் சொந்தக்கார மரம், அதுதான். காட்டில் வேறு பழம் அதிகம் கிடைக்காத வறண்ட மாதங்களில் இது பூக்கும், பூவின் சதைப்பற்றான பாகத்தையும் தேனையும் குரங்குகள் தின்னும். பிறகு காய் முற்றும்போது அந்த முள்ளோட்டைப் பிளந்து விதையைத் தின்னும். ஆண்டில் பல மாதம் இந்த ஒரு மரமே கூட்டத்தைக் காப்பாற்றுகிறது. அப்புறம் அத்தி வகைகள், பலா, அயினி.

பூச்சி பிடிப்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு நேரம் செலவழிக்கும். சுருண்ட இலையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது, காய்ந்த பட்டையை உரிப்பது, பாசியைக் கிளறுவது என்று நாளில் பெரும்பகுதி இதிலேயே போகும். ஆனைமலையில் 1980-களில் பதிவான ஒரு நடத்தை எனக்கு மிகவும் பிடித்தது: மயிர் குத்துகிற கம்பளிப்பூச்சியை ஓர் இலையில் வைத்துத் தேய்த்து மயிரையெல்லாம் போக்கிவிட்டுத் தின்றிருக்கிறது. இலை அதற்குக் கைத்துணி.

காட்டுக்கு இதனால் என்ன பயன்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், இதற்குத்தான் அவசரமாகப் பதிலும் சொல்கிறார்கள். 'விதை பரப்பும்' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டால் என்ன நடக்கிறது என்றே புரியாது.

ஒரு மழைக்காட்டு மரம் காய்த்துத் தன் காலடியிலேயே நூறு விதையைப் போட்டால் அதில் கிட்டத்தட்ட எதுவுமே தேறாது. தாய்மரத்தைத் தேடி வருகிற பூஞ்சையும் வண்டும் எலியும் அங்கேதான் காத்திருக்கும், மேலே வெளிச்சமும் கிடையாது. விதை கொஞ்சம் தள்ளிப் போய் விழ வேண்டும். காற்றில் பறக்கிற விதைகள் இருக்கின்றன, ஆனால் மழைக்காட்டில் பெரும்பாலான மரங்கள் சதைப்பழம்தான் தருகின்றன, அவற்றை யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். இருவாச்சி, மந்திப்புறா, மரநாய், வௌவால், அப்புறம் நம் சோலைமந்தி.

மக்காக்கு குடும்பத்துக்கே கன்னத்தில் உள்பக்கமாக ஒரு பை உண்டு. பழ மரத்தில் கூட்டம் ஏறியதும் ஒவ்வொன்றும் கிடைத்ததை அவசர அவசரமாகக் கன்னத்தில் திணித்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் உப்பிப் போகும். பிறகு நகர்ந்துகொண்டே ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சதையைத் தின்று கொட்டையைத் துப்பும். துப்புகிற இடம் தாய்மரத்துக்கு நாலு மரம் தள்ளி இருக்கலாம், நாற்பது மரம் தள்ளியும் இருக்கலாம். அத்தி விதை மாதிரிப் பொடி விதைகளை விழுங்கிவிடும், அவை மறுநாள் எச்சத்தில் எருவோடு விழும். ஒரு கூட்டத்தில் 15, 20 குரங்கு, நாள் முழுக்க ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடை, ஆண்டு முழுக்க இதே வேலை. கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, இது தின்பதைவிட உதிர்ப்பது நிறைய. பாதி கடித்த பழம் கீழே விழுந்துகொண்டே இருக்கும். மரம் ஏறத் தெரியாத சருகுமானும் கேளையாடும் முள்ளம்பன்றியும் அந்த மரத்தடியில் வயிறு நிரப்பிக்கொள்ளும்.

வெடிப்பலா விதையையே தின்றுவிடுகிறதே, அது கெடுதல் இல்லையா?

நல்ல கேள்வி. உண்மைதான், அந்த மரத்தைப் பொறுத்தவரை குரங்கு விதையை அழிக்கவும் செய்கிறது. ஒரே விலங்கு ஒரு மரத்துக்கு விதை பரப்புகிறதாகவும் இன்னொரு மரத்துக்கு விதை தின்கிறதாகவும் இருப்பது காட்டில் சாதாரணம். வெடிப்பலாவின் பூக்களில் மகரந்தத்தைப் பெரிய அளவில் கடத்துவது வௌவால்கள் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன, பூவுக்கு வருகிற குரங்குக்கும் மலை அணிலுக்கும் அதில் பங்கு குறைவு. அந்த மரம் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்தக் குரங்கோடு சேர்ந்தேதான் காட்டை நிரப்பி நிற்கிறது, குரங்கு தின்றது போகவும் முளைக்க மிச்சம் இருந்திருக்கிறது. ஒரு விலங்கு நமக்கோ மரத்துக்கோ நூறு சதவீதம் நன்மை செய்தால்தான் அதைக் காப்பாற்றுவோம் என்று நான் நினைப்பதில்லை. அது அந்தக் காட்டின் உயிர்.

எத்தனை மிச்சம் இருக்கின்றன?

காட்டில் மொத்தம் 4,000-க்கும் குறைவு என்பதுதான் மதிப்பீடு, அதில் வளர்ந்தவை 2,500 அளவில். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். எண்ணைவிட என்னைப் பயமுறுத்துவது அவை சிதறிக் கிடக்கும் விதம்: ஒரே காட்டில் 4,000 இருந்தால் கவலை குறைவு, இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல துண்டுகளில் பிரிந்து இருக்கின்றன.

ஏன் இவ்வளவு குறைந்தது?

வேட்டையும் காரணம், ஆனால் பெரிய காரணம் காடு துண்டானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆனைமலை மேட்டில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் காட்டை வெட்டினார்கள். பள்ளத்தாக்கிலும் செங்குத்துச் சரிவிலும் வெட்ட முடியாமல் விட்ட துண்டுகள்தான் இன்று தேயிலைக் கடலுக்கு நடுவே பச்சைத் தீவு மாதிரித் தெரிகிறவை. அதற்குப் பிறகு அணைகள், சாலைகள், மின்கம்பிகள், யூக்கலிப்டஸ். ஏலத்தோட்டத்தில் மேலே மரம் இருக்கும், பார்க்கக் காடு மாதிரியே இருக்கும். ஆனால் அடியில் இளங்கன்றுகளை எல்லாம் வெட்டிவிடுவதால் இன்றைய பெரிய மரம் விழுந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்தது இருக்காது.

துண்டானால் என்ன ஆகும்? சோலைமந்திக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய ஆண், பல பெண்கள், குட்டிகள். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே இருக்கும், ஆண்கள் வளர்ந்ததும் கிளம்பி வேறு கூட்டத்தைத் தேடிப் போகும். அப்படிப் போவதால்தான் இரத்தம் கலக்கிறது. சுற்றிலும் தேயிலை என்றால் அந்த இளம் ஆண் எங்கே போகும்? போனாலும் கீழே இறங்கித்தான் போக வேண்டும், நாயும் வண்டியும் இருக்கிற இடத்தில். போகாவிட்டால் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம்.

நிறையக் குட்டி போட்டால் எண்ணிக்கை கூடாதா?

அது நடக்காது. கர்ப்பகாலம் கிட்டத்தட்ட 6 மாதம், ஒரு தடவைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு இரண்டரை ஆண்டு வரை ஆகும். பெண் முதல் குட்டி ஈனுவதே ஆறேழு வயதில்தான். சாலையில் ஒரு தாய்க்குரங்கு அடிபட்டால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டு பிடிக்கும்.

வால்பாறையில் தெருத்தெருவாகத் திரிகிறதே, இதையா அழிகிறது என்கிறீர்கள்?

பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம் என்று ஓர் இடம் வரும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அங்கிருந்து வந்த கூட்டமாக இருக்கும். ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத காட்டுத் துண்டு அது. அதில் 150-க்கு மேல் சோலைமந்திகள். பெரிய காட்டில் ஒரே ஒரு கூட்டத்துக்கே சில சதுர கிலோமீட்டர் தேவைப்படும் என்பதை இதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அதாவது, அவை பெருகி வழிவதால் ஊருக்குள் வரவில்லை, வெளியே போக வழியில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் வருகின்றன. துண்டுக்காட்டில் மரங்கள் குறைந்து கூரை உடைந்ததும் தரையில் இறங்கப் பழகின, காப்பித் தோட்டத்து வேலிக்கொய்யாவைத் தின்னப் பழகின, அப்புறம் குப்பைத்தொட்டி, அப்புறம் வீட்டு ஓடு. ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கிச் சமையலறையைக் கலைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு நாள் அரிசி போவது சின்ன விஷயம் இல்லை. அங்கே இருக்கிறவர்களிடம் போய்ப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கீழே இருக்கிற நாம் சொல்வதைவிட, குப்பையை மூடி வைக்க வசதி செய்து கொடுப்பதும் சன்னலுக்கு வலை அடித்துக் கொடுப்பதும் உருப்படியான வேலை.

நான் ஒருமுறை அந்தச் சாலையோரச் சுவரில் ஒரு பெரிய ஆண் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்து நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்திலேயே காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உச்சிக்கிளையில் கம்பளிப்பூச்சியைத் தேய்த்துத் தின்கிற அதே விலங்கு. அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

சாலைக்கு மேலே கட்டியிருக்கும் பட்டைப் பாலங்களை உண்மையிலேயே பயன்படுத்துகின்றனவா?

பயன்படுத்துகின்றன. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்து சாலையின் இரண்டு பக்க மரங்களையும் இணைத்துக் கித்தான், ரப்பர் பட்டைகளில் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்ல அங்கேயே ஆட்களும் நிற்கிறார்கள். அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள், எந்தக் குரங்கு எந்தக் கூட்டம் என்று முகம் பார்த்தே சொல்வார்கள். பாலம் என்பது கூரையில் விழுந்த ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. நிரந்தரமான வேலை, துண்டுக்காடுகளில் உள்ளூர் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டுக் கூரையை வளர்ப்பது. அதையும் அந்த அறக்கட்டளை பல ஆண்டுகளாகத் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து செய்துவருகிறது. வெடிப்பலாக் கன்று பெரிய மரமாக எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்தால் இது அவசரக்காரர்களுக்கான வேலை இல்லை என்று தெரியும்.

அமைதிப் பள்ளத்தாக்கை ஒரு குரங்குக்காகவா காப்பாற்றினார்கள்?

குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்டக் கேரளத்தில் 1970-களில் முயன்றபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி, நம் எம்.எஸ். சுவாமிநாதன் என்று பலர் அணை வேண்டாம் என்றார்கள். மனுஷனுக்குக் கரண்டா, குரங்கா என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள், அதனால் சோலைமந்தி அந்தப் போராட்டத்தின் முகமாகிவிட்டது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள், 1985-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். ஒரு குரங்குக்காக மட்டும் என்று சொன்னால் அது சரியில்லை, மூழ்க இருந்தது மொத்தக் காடும் ஆறும். ஆனால் அந்தக் காடு எப்படிப்பட்டது என்று சாதாரண மக்களுக்குப் புரியவைத்தது இந்தக் கறுப்பு முகம்தான். நம் பக்கமும் சொல்ல இருக்கிறது: களக்காடு சரணாலயத்தை 1976-இல் இந்தக் குரங்குக்காகவே அறிவித்தார்கள். கர்நாடகத்தில் சராவதிப் பள்ளத்தாக்கில் 2019-இல் இதன் பெயரிலேயே ஒரு சரணாலயம் வந்தது.

வண்டலூரில் வளர்த்துக் காட்டில் விடலாமே?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் இவற்றை இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள், அது தேவையான வேலை. ஆனால் விடுவதற்குக் காடு வேண்டும். இருக்கிற காட்டில் ஏற்கெனவே கூட்டங்கள் இருக்கும், துண்டுக்காட்டில் விட்டால் அதே நெருக்கடி. எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்பது தாயோடு திரிந்து கற்றுக்கொள்வது, கூண்டில் வராது.

பழம்தானே கொடுக்கிறோம், அதில் என்ன தப்பு?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். வாழைப்பழமோ பிஸ்கட்டோ, கொடுத்த அடுத்த நாளிலிருந்து அந்தக் குரங்கு வண்டிச் சத்தம் கேட்டால் ஓடுவதற்குப் பதிலாக ஓடி வரும். நெல்லியாம்பதியிலும் வால்பாறையிலும் வண்டியில் அடிபட்டுச் செத்தவை இருக்கின்றன. நம் சளியும் காய்ச்சலும் அவற்றுக்குத் தொற்றும், அவற்றின் நோய் நமக்கும். கொடுத்துப் பழகியதை நாளைக்கு யாராவது கொடுக்காவிட்டால் கையைக் கடிக்கும், கடித்ததும் எல்லோரும் குரங்கைத்தான் குறை சொல்வார்கள்.

அப்படியென்றால் எப்படிப் பார்ப்பது?

சாலையில் கூட்டத்தைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் வேண்டாம், ஒன்று தாண்டியதும் கிளம்பிவிடாதீர்கள். குட்டியைச் சுமக்கிற தாய் பெரும்பாலும் தயங்கித் தயங்கிக் கடைசியில்தான் வரும். கண்ணாடியை ஏற்றி வையுங்கள், தின்பண்டத்தை வெளியே தெரியாமல் வையுங்கள். காட்டுக்குள் பார்க்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடு ஒரு வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு காலையில் சீக்கிரம் போங்கள், அட்டைக்குத் தயாராக. கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. வெடிப்பலா மரத்தடியில் புதிதாகப் பிளந்த முள்ளோடு கிடக்கிறதா என்று கீழே பாருங்கள். கிடந்தால் அங்கேயே சத்தம் போடாமல் நில்லுங்கள், தலைக்கு மேலே எங்கோ ஒரு கிளை ஆடும்.